இரும்பு வைக்காத கூடை

கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்திய ஒரே கைநாட்டு நான்தான்.

பொய். நான் நடத்தவில்லை. என் வீட்டுக் கொல்லையில், என் பொண்டாட்டியின் கோழியை வைத்து, என்னையும் பக்கத்தில் உட்காரவைத்து அவர்கள் நடத்தினார்கள். கோழியாவது நடுவில் எழுந்து போய் இரை பொறுக்கிவிட்டு வந்தது. எனக்கு அந்த வசதிகூட இல்லை.

இதை நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். எட்டாவது படிக்கிறாள். நடந்ததை நடந்தபடி வீட்டில் இருப்பவர்களிடம் கேட்டு எழுதி வரச் சொல்லியிருக்கிறார்களாம். நான் 'இன்னா' என்றால் அவள் 'என்ன' என்று எழுதுகிறாள். கேட்டால், "நீ சொல்றத அப்டியே எழுதுனா யாருக்குப்பா புரியும்?" என்கிறாள். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். மற்றவர்கள் பேசியதைப் பேசியபடியே எழுதுவது. என் கதையை மட்டும் குளிப்பாட்டிச் சட்டை போட்டு எழுதுவது.

நான் முன்வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். கொல்லையில் என் பொண்டாட்டி காலையிலிருந்து கூடைக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிறாள். குஞ்சு பொரிக்க வேண்டிய நாள் இன்றைக்குத்தான். காலையில் எனக்குக் காப்பித்தண்ணிகூடக் கிடைக்கவில்லை.

எங்கள் ஊர் சங்கராபுரம் பக்கம், மலை அடிவாரத்தில் இருக்கிறது. மரவள்ளிக் குச்சிக்கிழங்கு பிடுங்குவது, கரும்பு வெட்டுவது, இரண்டும் இல்லாவிட்டால் சும்மா இருப்பது, இதுதான் என் தொழில். மூன்றாவதில் எனக்கு அனுபவம் ஜாஸ்தி. கோழி வளர்ப்பது அவளுடைய தொழில். பிள்ளைக்கு ஜுரம் வந்தால் ரசம் வைக்க, விருந்தாளி வந்தால் மானத்தைக் காப்பாற்ற, கோயிலுக்கு நேர்ந்துவிட, எல்லாவற்றுக்கும் அவளுக்குக் கோழிதான். என்னை நம்பி அவள் எந்தக் காரியத்தையும் ஆரம்பித்தது கிடையாது.

போன சித்திரையில் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் வந்தது. காலையில் தலையைத் தொங்கப்போட்ட கோழி மத்தியானம் இருக்காது. சில நாளில் கொல்லையே காலி. எங்கள் வீட்டில் ஒரு கறுப்புப் பெட்டை மிஞ்சியது. பக்கத்து வீட்டு அண்ணியிடம் ஒரு செவலைப் பெட்டை மிஞ்சியது. அண்ணி என்றால் என் அண்ணன் பொண்டாட்டி. அண்ணன் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறான். சேவல் தெருவிலேயே ஒன்றுகூட இல்லை. என் பொண்டாட்டி ரொம்ப நாள் கொல்லைப் பக்கமே போகவில்லை. "சத்தமே இல்லாத கொல்லையில இன்னாத்தப் பாக்கறது?" என்றாள்.

ஆவணியில் சொல்லிவைத்தாற்போல இரண்டு பெட்டையும் ஒன்றாக அடைக்கு உட்கார்ந்தன. ஆனால் சேவல் இல்லாமல் இட்ட முட்டை பொரிக்காது. "மலைக்குப் போய் நல்ல முட்டையா வாங்கினு வா. இதுல குஞ்சு எடுத்தாத்தான் மறுபடியும் கோழின்னு ஒண்ணு நம்ம வூட்ல இருக்கும்" என்று என்னை அனுப்பினாள். வேறு ஆள் கிடைத்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டாள்.

கள்ளக்குறிச்சியில் வெள்ளிமலை பஸ் பிடித்தேன். போர்டு படிக்கத் தெரியாததால் கூட்டத்தைப் பார்த்து ஏறுவேன். அந்த முறை சரியாகவே ஏறிவிட்டேன். மலையில் என்னோடு கரும்பு வெட்ட வந்த ஒருவர் வீடு இருக்கிறது. அவர் வீட்டம்மா சாமை உமியில் முட்டைகளைப் புதைத்து, ஒரு மண்சட்டியில் வைத்து, வாயைத் துணியால் கட்டிக் கொடுத்தார். திரும்பும்போது ஒவ்வொரு வளைவிலும் சட்டியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த பெரியவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"யாரு தம்பி, அப்பாவா?"

அஸ்தி என்று நினைத்துவிட்டார். நானும் சும்மா இருந்திருக்கலாம். "இல்லீங்க. ஆனா மூணு வாரத்துல எழுந்து வந்துடும்" என்றேன். அவர் எழுந்து போய் டிரைவர் பக்கத்தில் நின்றுகொண்டார்.

முட்டை வீட்டுக்கு வந்து ஒரு நாள் அசையாமல் இருக்க வேண்டும். அந்த ஒரு நாளில்தான் வினை வந்தது.

பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர் புதுசு. எலவனாசூர்கோட்டைக்காரர், ஸ்கூட்டியில் வருவார். பிள்ளைகளைக் குழுவாகப் பிரித்து, "உங்க ஊர்ல எல்லாரும் செய்யற ஒரு விஷயத்தை எடுத்துக்கோங்க. அது நிஜமான்னு நீங்களே கண்டுபிடிங்க. புத்தகத்தைப் பாக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். என் மகள் குழுவில் மூன்று பேர். அவள், கண்ணாடி போட்ட ஒரு பெண், வாய் மூடாத ஒரு பையன். மூன்று பேரும் கொல்லையில் வந்து நின்றபோது என் பொண்டாட்டி இரண்டு கூடையிலும் மணல் கொட்டி, மேலே வைக்கோல் பரப்பி, கரித்துண்டும் காய்ந்த மிளகாயும் ஒடிந்த இரும்பும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கம் அடை வைக்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதான்.

கண்ணாடிப் பெண் என்னிடம் கேட்டாள். "எதுக்கு மாமா இரும்பு?"

"இடி இடிச்சா முட்டை கெட்டுப்பூடும். இரும்பு வச்சா இடி அதுல எறங்கிடும்."

"இடி எறங்குனா கோழி செத்துடாதா?"

"அது மரத்து மேல வுழற இடி. இது சத்தம்."

"சத்தம் எப்டி மாமா இரும்புல எறங்கும்?"

அதற்குள் பையன் குறுக்கே வந்தான். "நீங்க எப்பனா இரும்பு வைக்காம பாத்திருக்கீங்களா?"

"வைக்காம எப்டிடா? வைக்காட்டி கெட்டுடுமே."

"கெட்டுடும்னு எப்டித் தெரியும்?"

"எப்பவும் வைக்கிறோம். குஞ்சு வருது. போதுமா?"

"வைக்காம பாத்தாத்தான மாமா, இரும்பாலதான் வந்துச்சான்னு தெரியும்?"

காதில் செருகியிருந்த பீடியை எடுத்துப் பற்றவைத்தேன்.

அப்போதுதான் என் மகள் அந்தத் திட்டத்தைச் சொன்னாள். இரண்டு கூடைக்கும் ஒரே மாதிரி மணல், ஒரே வைக்கோல், ஒரே இடத்து முட்டை. கரியும் மிளகாயும் இரண்டிலும் இருக்கட்டும். ஒரு கூடையில் மட்டும் இரும்பு வைக்கக் கூடாது.

"ஏங் கோழிதான் கெடச்சுதா ஒங்களுக்கு?" என்று என் பொண்டாட்டி எழுந்து நின்றாள். "பள்ளிக்கூடத்துல தவள அறுப்பாங்களாமே, அத அறுங்க, போங்க."

"ஏன், ஏங் கோழி மட்டும் இன்னா, ஊரான் வூட்டுக் கோழியா?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணி குரல் கொடுத்தாள்.

என் மகள் விடவில்லை. "ஏம்மா, போன வருசம் இரும்பு வச்சுந்தான அத்தினி முட்டை கூமுட்டையாப் போச்சு? ஏன் போச்சு, ஏன் போச்சுன்னு நீதான கேட்டுக்கினு இருந்த? இப்ப தெரிஞ்சிக்கலாம்னா வாணாங்கிற."

என் பொண்டாட்டி வைக்கோலை நீவினாள். அப்புறம், "சீட்டு போடுங்க. எது வருதோ வரட்டும்" என்றாள்.

சீட்டை நான்தான் எடுக்க வேண்டும் என்று கண்ணாடிப் பெண் சொன்னாள். படிக்கத் தெரியாத ஆள் எடுத்தால் கள்ளாட்டத்துக்கு இடமில்லையாம். வாழ்க்கையில் முதல்முறையாக என் படிப்புக்கு ஏற்ற வேலை. பெருமையாக எடுத்து மகளிடம் நீட்டினேன். இரும்பு இல்லாத கூடை எங்கள் கறுப்புப் பெட்டைக்கு விழுந்தது.

என் பொண்டாட்டி சீட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "கைய வச்சா வெளங்கும்" என்றாள். பிறகு பிள்ளைகளிடம், "குஞ்சு வரலன்னா அடுத்த மொற ஒங்க டீச்சர் வந்து அடைக்கு ஒக்காரட்டும்" என்றாள்.

அன்று தொடங்கியது என் கேடுகாலம். பள்ளிக்கூடம் விட்டதும் மூன்று பேரும் நேராக எங்கள் கொல்லைக்கு வந்துவிடுவார்கள். கரும்புத் தோட்டத்தில் எனக்கு ஒரு மேஸ்திரிதான். இங்கே மூன்று மேஸ்திரி. கோழி எப்போது எழுந்தது, எவ்வளவு நேரம் வெளியே இருந்தது, எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தது, எல்லாவற்றையும் நான் பார்த்துச் சொல்ல வேண்டும். "சும்மாதான மாமா இருக்கீங்க" என்றான் பையன். உண்மைதான், ஆனால் அதைச் சொல்ல அவன் யார்? கூடைப் பக்கம் பீடி பிடிக்கக் கூடாது. சத்தமாகத் தும்மக் கூடாது. ஒருநாள் கோழி எழுந்திருக்கும்போது எனக்குக் கண் அசந்துவிட்டது. கண்ணாடிப் பெண் அதையும் எழுதிக்கொண்டாள். கோழி வெளியே, மாமா தூக்கம் என்று.

அவர்களுக்குள் சண்டை வேறு. நான் பார்த்தேன், நீ எழுதினாய், அவன் தொட்டான் என்று கத்துவார்கள். டீச்சரிடம் போய்ச் சொன்னால், "நீங்களே பேசித் தீர்த்துக்கோங்க" என்பாராம். பேசினார்கள். எங்கள் கொல்லையில், என் காதுக்குப் பக்கத்தில், இருட்டும்வரை பேசினார்கள். அந்தக் காலத்தில் பள்ளிக்கூடம் என்றால் வாத்தியார் ஒருவர் பேசுவார், பிள்ளைகள் தூங்குவார்கள். எவ்வளவு நிம்மதி. அந்த நிம்மதியையும் விட்டுவிட்டு நான் மாடு மேய்க்கப் போனேன்.

ஒருநாள் சாயங்காலம் மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. அன்றைக்கென்று டீச்சரும் பார்க்க வந்திருந்தார். மழை பிடித்துக்கொண்டது. அண்ணியும் ஓடிவந்தாள். கோழிகள் இருந்த சிமெண்டு ஷீட் சாய்ப்பில் எல்லோரும் ஒதுங்கி நின்றோம். முதல் இடி விழுந்தபோது ஷீட்டே நடுங்கியது. என் பொண்டாட்டி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கூடையையே பார்த்தாள்.

நாலைந்து இடிக்குப் பிறகு எனக்கு மனசு கேட்கவில்லை. இரும்பு வைக்க மாட்டேன் என்று பிள்ளைகளிடம் வாக்கு கொடுத்தது வாஸ்தவம். ஆனால் என் வாக்குக்கு யார் மதிப்பு கொடுத்தார்கள், நானே கொடுக்க? மெதுவாக உள்ளே நழுவி ஒரு துண்டு இரும்பு தேடினேன். கூரையில் செருகியிருந்த ஒடிந்த அரிவாள் இல்லை. ஜன்னல் மேடையில் கிடந்த பழைய கீல் இல்லை. சுவரில் காலண்டர் மாட்டியிருந்த ஆணிகூட இல்லை. காலண்டர் தரையில் கிடந்தது.

"இங்க கெடந்த கீல் எங்கடி?" என்று வாசற்படியில் நின்று கிசுகிசுத்தேன்.

"எனுக்கு இன்னா தெரியும்?" என்றாள், திரும்பிப் பார்க்காமல். "மழை பேயுது, இப்ப இன்னாத்துக்குயா கீலு?"

வேறு வழியில்லாமல் நேர்மையாக இருந்தேன்.

சில நாள் கழித்து டீச்சர் செல்போன் டார்ச்சோடு வந்தார். உள்ளே கதவைச் சாத்தி இருட்டாக்கி, ஒவ்வொரு முட்டையாக வெளிச்சத்தில் பிடித்தார். அண்ணியின் முட்டைகளைப் பார்த்து முடித்துவிட்டு எங்கள் முட்டையை எடுத்தார். ஓட்டுக்குள்ளே வெற்றிலை நரம்பு மாதிரி சிவப்பாக ஓடியது. நடுவில் ஒரு சின்னக் கறுப்பு. அது அசைந்தது. என் பொண்டாட்டி என் தோளைப் பிடித்தாள். பிடித்தது என் தோள் என்று தெரிந்ததும் விட்டுவிட்டாள்.

"உசுரு ஓடுதுங்க டீச்சர்" என்றாள்.

"இரும்பு இல்லாமலேயே!" என்று பையன் குதித்தான். முட்டைகளைத் திருப்பி வைக்கக் கூடைக்குப் போனார்கள். என் மகள் வைக்கோலைச் சரிசெய்யக் கையை விட்டாள். 'டங்' என்று சத்தம் கேட்டது.

முதலில் ஒடிந்த அரிவாள் வந்தது. அப்புறம் கீல். அப்புறம் உடைந்த தோசைக்கல்லில் ஒரு துண்டு. ஆணி. கடைசியாக ஒரு ஊக்கு. இரும்பு வைத்த அண்ணி கூடையில் இருந்தது ஒரே ஒரு துண்டு. இரும்பு வைக்காத எங்கள் கூடையில் ஒரு பழைய இரும்புக் கடையே இருந்தது.

எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைத்தான் பார்த்தார்கள்.

"அப்பா!" என்றாள் மகள்.

"சத்தியமா நான் இல்ல. வைக்கலாம்னு தேடுனேன், ஒண்ணுங் கெடைக்கல!"

"தேடுனியா?"

இதுதான் என் பிழைப்பு. குற்றமே செய்யாமல் மாட்டிக்கொள்வதற்கு ஒரு தனித் திறமை வேண்டும்.

"அவர இன்னாத்துக்கு வெரட்டுற?" என்று என் பொண்டாட்டி மெதுவாகச் சொன்னாள். "அருவாளும் கீலும் நான்தான். மொத நாளே வச்சிட்டேன்."

"தோசைக்கல்லு நானு" என்றாள் அண்ணி. "ஏங் கோழிக்கு மட்டும் வச்சிட்டு அவளத வுட்டா நல்லாவா இருக்கும்?"

பையன் வாசற்படி வழியாக உள்ளே கிடந்த காலண்டரைப் பார்த்தான். ஆணி யார் வைத்தது என்று கேட்காமலேயே தெரிந்தது. "இடி ரொம்ப ஜாஸ்தியா இருந்துச்சு, அதான்..." என்று அழ ஆரம்பித்தான்.

ஊக்கு மட்டும் மிச்சம். டீச்சர் தன் தோளில் புடவை மடிப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அது என்னுதுதான்" என்றார். "எங்க வூட்டுலயும் கோழி இருந்துச்சு. அன்னிக்கு அந்த இடியில... எனக்கே தெரியாம கை போயிடுச்சு."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. மகள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அவள் கையில் அந்தக் கீல் இருந்தது. கண்ணில் தண்ணீர் நின்றது.

"அப்ப யாருக்குமே தெரிஞ்சிக்க வாணாம்" என்றாள். "என்னைய மட்டும் எழுதச் சொன்னீங்க."

டீச்சர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "இதுவரைக்கும் பாத்தது செல்லாது. உண்மையா நடந்ததை எழுது, என் ஊக்கையும் சேர்த்து எழுது. இனிமே வர இடிதான் கணக்கு. ஆனா இது உங்கம்மா கோழி. அவங்கதான் சொல்லணும்."

என் பொண்டாட்டி கூடைக்கு முன்னால் குந்தினாள். ரொம்ப நேரம் கோழியைத் தடவிக்கொண்டிருந்தாள். அது அவளைக் கொத்தவில்லை. என்னை என்றால் கொத்தியிருக்கும். பிறகு வைக்கோலை முழுக்கத் துழாவிப் பார்த்து, வேறு இரும்பு இல்லை என்று தெரிந்ததும், வெளியே கிடந்ததையெல்லாம் மடியில் அள்ளிவந்து என் கையில் கொட்டினாள்.

"எங்கனா கொண்டும்போய்ப் போடுயா. எனுக்குத் தெரியாத எடத்துல போடு. தெரிஞ்சா மறுபடியும் கை போயிடும்."

போட்டேன். பழைய இரும்புக்காரர் வண்டி தெருமுனையில் நின்றது. ஒரு கை பேரீச்சம்பழம் கொடுத்தார், வீட்டுக்கு வருவதற்குள் தின்றுவிட்டேன். ஊக்கை மட்டும் டீச்சரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு ஒருவரை ஒருவர் காவல் காத்தோம். கூடைப் பக்கம் யார் போனாலும் கையை விரித்துக் காட்ட வேண்டும். அண்ணி கால் மெட்டியைக்கூடக் கழற்றிவிட்டுத்தான் வந்தாள், அது வெள்ளி என்று சொன்னாலும் கேட்கவில்லை. நான் தினமும் சாமியைக் கும்பிட்டேன். இடியே வர வேண்டாம், வந்தால் என் தலையில் விழட்டும், இந்த மூன்று பிள்ளைகளும் கேள்வி கேட்பதை நிறுத்தட்டும் என்று. மூன்றில் ஒன்றுகூட நடக்கவில்லை.

இன்று காலையில் அண்ணியின் கூடையில் இரண்டு முட்டை விரிசல் விட்டுவிட்டது. இரும்பு வைத்த கூடை. எங்கள் கூடையில் சத்தமே இல்லை. டீச்சர் இரண்டு முறை போன் செய்தார், என் பொண்டாட்டி எடுக்கவில்லை. மகள் கூடைப் பக்கம் போகப் பயந்துகொண்டுதான் என்னிடம் கதை கேட்டு எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அது எனக்குத் தெரியும். அதனால்தான் நானும் பஸ், அஸ்தி என்று நீட்டிக்கொண்டிருக்கிறேன்.

அந்த இரண்டாவது இடியைச் சொல்ல விட்டுவிட்டேன். இரும்பையெல்லாம் எடுத்த பிறகு வந்தது. மத்தியானம், மழையே இல்லை, வெறும் இடி. மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். நானும் என் பொண்டாட்டியும் மட்டும் சாய்ப்பில் நின்றோம். அவள் திடீரென்று என் பக்கம் இரண்டு கையையும் நீட்டினாள். "புடிச்சிக்கயா. வுட்டுடாத" என்றாள். கல்யாணத்தில் ஐயர் பிடிக்கச் சொன்னபோதுகூட அவ்வளவு இறுக்கமாகப் பிடித்ததில்லை. அடுத்த இடி எங்கள் புளியமரத்துக்கு நேர் மேலே. கோழி கழுத்தைத் தூக்கியது, எழுந்திருக்கப் போகிறது என்று நினைத்தேன். அப்போது அவள் என்ன செய்தாள் தெரியுமா, என் கையை விட்டுவிட்டு நேராக...

"யோவ்! கதயளந்தது போதும், எழுந்து வா! புள்ளயையும் கூட்டினு வா! ஏங் கூடையில முட்டை உள்ளாருந்து கொத்துதுயா!"

எழுதுகிறவள் எழுந்துவிட்டாள். இருடி, இந்த இடியை மட்டும் முடித்துவிட்டு...

"வரீங்களா இல்லியா? மூக்கு வெளில வந்துடுச்சு!"